மொந்தேரா வீட்டு வாசலுக்கு வந்த கயிறு

புன்னைத்துறை என்கிற கடற்கரை ஊரில், மணல் அதிகமாகவும் மரம் குறைவாகவும் பெருமை அளவுக்கு மீறியும் இருந்த ஒரு தெருவில், எஸ்தாக்கி மொந்தேரா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்ப்பதற்காக வாசலைத் திறந்தபோது, கடலுக்குள்ளிருந்து ஒரு கயிறு புறப்பட்டு, கரையேறி, வலை காயப்போட்டிருந்த மணலைக் கடந்து, சிலுவை நிற்கும் குருசடியை மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தார்ரோட்டைத் தாண்டி வந்து, அவர் வீட்டுப் படியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. மணிக்கட்டு பருமனுள்ள கயிறு, பழைய பாய்மரத் தோணிகளில் நங்கூரம் கட்டுகிற கயிறு. ஊரில் அந்த மாதிரிக் கயிறு திரித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

எஸ்தாக்கி வாயில் நுரையோடு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, பால் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில், "செலஸ்தீன், கயிறு வந்திருக்கு" என்றார்.

"யாரு கொண்டு வந்தா?" என்றாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து.

"யாரும் கொண்டு வரல. அதுவா வந்திருக்கு."

"சுருண்டு கெடக்கா, நேராக் கெடக்கா?"

"நேராத்தான் கெடக்கு. விறைப்பா இருக்கு. அந்தப் பக்கம் யாரோ புடிச்சிருக்க மாதிரி."

"நல்லதாப் போச்சு" என்று செலஸ்தீன் ஈரப் போர்வைகளோடு வெளியே வந்து, இரண்டு கவட்டைக் கம்புகளை முட்டுக்கொடுத்துக் கயிற்றைத் தூக்கி நிறுத்தி, போர்வைகளை வரிசையாகக் காயப்போட்டாள். மத்தியானத்துக்குள் அவை நன்றாகக் காய்ந்தும் விட்டன. கயிறு வந்த அதிசயத்தைப் பற்றி அந்த வீட்டில் அன்று நடந்த பேச்சு இவ்வளவுதான்.

எஸ்தாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகக் காலம் முழுக்கக் கப்பல்களுக்குக் காகிதம் எழுதினாரே தவிர ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஏறினால் குமட்டும் என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், ஊர் அதை மறக்க விடுவதுமில்லை. ஆனால் அவருடைய சொத்து வேறொன்று. மொந்தேரா என்கிற குடும்பப் பெயர் அந்தக் கரை நெடுகிலும் வேறு எந்த வீட்டுக்கும் கிடையாது. ஃபெர்னாண்டோ என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். மொந்தேரா என்று கூப்பிட்டால் ஒரே ஒரு தலைதான் திரும்பும், அதுவும் மெதுவாகத் திரும்பும்.

பறங்கியர் காலத்தில் அந்தக் கரையின் கடலோடிகள் ஞானஸ்நானம் வாங்கியபோது, ஞானத்தகப்பனாக வந்து நின்ற வெள்ளைக்காரனின் பெயர் பிள்ளைக்கு வந்தது, பிறகு அது தகப்பன் வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கியது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் புன்னைத்துறையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் தங்கள் ஞானத்தகப்பன் ஒரு கப்பித்தான், கப்பலுக்கே தலைவன் என்றே சொல்வார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் கப்பித்தான்கள் மட்டுமே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள் போலும். பாய் இழுத்தவன் யார், தளம் கழுவியவன் யார், அவன் பெயர் யாருக்குப் போயிற்று என்று ஒருவரும் விசாரித்ததில்லை. எஸ்தாக்கி மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய், 'கப்பித்தான் மொந்தேரா இல்லம்' என்று பொன்னெழுத்தில் வெட்டிய கருங்கல் பலகை ஒன்றுக்குத் தூத்துக்குடியில் சொல்லிவைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய ஒரே மகள் மெட்டில்டா, ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், சாப்பாட்டுக்கு நடுவில், தான் ஜெபர்சன் லோபோவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஜெபர்சன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவனுடைய அப்பா கித்தேரியான் லோபோ பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். அவருக்கு முந்திய லோபோக்கள் எல்லோரும் தோணிகளில் சோறாக்கியவர்கள். தோணி ஓட்டுகிறவருக்குத் தண்டல் என்றும் சோறாக்குகிறவருக்குப் பண்டாரி என்றும் பேர். எஸ்தாக்கியின் அப்பா, தாத்தா எல்லோரும் தண்டல்கள். லோபோ வீட்டை ஊரில் பண்டாரி வீடு என்றுதான் சொல்வார்கள். எஸ்தாக்கி அந்தக் கடையில் ஒரு டீ குடித்தது கிடையாது.

"மொந்தேரா யாருன்னு தெரியாம மொந்தேரா வீட்டுப் பொண்ண யாருக்கும் குடுக்க முடியாது" என்றார் எஸ்தாக்கி. அது காலம் கடத்துவதற்காகச் சொன்னது. கோயில் பதிவேடுகளைக் கரையான் தின்று முடித்து வெகுநாளாகிவிட்டது அவருக்குத் தெரியும்.

"தெரிஞ்ச பெறகு?" என்றாள் மெட்டில்டா.

"கப்பித்தான்னு தெரிஞ்சா, பண்டாரி வீட்டுக்குப் பொண்ணு கெடையாது."

"கப்பித்தான் இல்லன்னு தெரிஞ்சா?"

எஸ்தாக்கி சிரித்துவிட்டார். அப்படி ஒன்று நடக்க வழியே இல்லை என்பதால் தாராளமாகச் சொன்னார். "அப்ப ஒன் இஷ்டம்."

"அம்மா, நீங்க கேட்டீங்கல்ல?" என்றாள் மெட்டில்டா. கேட்டேன் என்று செலஸ்தீன் தலையாட்டினாள். ஜெபர்சனுக்கு லீவு கொஞ்சம்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அது முடிவதற்குள் அவன் கப்பலேறிவிட வேண்டும், திரும்பி வர வருஷத்துக்கு மேல் ஆகும். அவனுக்காகக் காத்திருப்பேன், ஆனால் நீங்கள் சொல்லும் மாப்பிள்ளை யாரையும் கட்டமாட்டேன், அந்த ஒரு வருஷமும் உங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றாள் மெட்டில்டா. எஸ்தாக்கிக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் பேசாத வீட்டில் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. மறுவாரம் கயிறு வந்தது.

வந்த இரண்டாம் நாள், படியில் கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்க எஸ்தாக்கி குனிந்தார். அவர் காது கயிற்றின் முதல் முடிச்சுக்குப் பக்கத்தில் போனது. முடிச்சுக்குள்ளிருந்து, செத்துப் பல வருஷமான அவருடைய அப்பா பேசினார்.

"கடலே, எனக்கு ஒரு பய பொறந்திருக்கான். பேரு எஸ்தாக்கி மொந்தேரா. தல பெருசு, சத்தம் அதவிடப் பெருசு. கரையில வச்சுக் காட்டினேன், ஒன்னயக் கண்டு பயந்து அழுதான். இவன நான் ஒங்கிட்ட அனுப்ப மாட்டேன். நீயும் கேக்காத."

சொல்லி முடித்ததும் முடிச்சு தானாக அவிழ்ந்து கயிறு வழவழவென்று ஆகிவிட்டது. எஸ்தாக்கி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

தோணிக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆன கையோடு தகப்பன் நங்கூரக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, அதற்குள் வாயை வைத்துப் பிள்ளையைப் பற்றிக் கடலிடம் சொல்வான். நாளைக்கு இந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கினால் கடல் அடையாளம் கண்டு விட்டுவிட வேண்டும் என்பதற்காக. கடல் கேட்டு வைத்துக்கொள்ளும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. திருப்பிக் கொடுக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த முடிச்சு தண்ணீருக்குள் இருந்தது. எஸ்தாக்கி கரைவலை இழுக்கிற ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் வலையை முடித்துக்கொண்டு வந்து, இதுவும் ஒரு இழுப்புத்தானே என்று மணலில் காலை ஊன்றி இழுத்தார்கள், கயிறு கொஞ்சம் இணங்கியது, கொஞ்சம் பிணங்கியது, மதியத்துக்குள் ஒரு முடிச்சைக் கரைக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து இதுவே ஊரின் வேலையாயிற்று.

ஊர் அந்தக் கயிற்றை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பஸ் வரும்போது கண்டக்டர் இறங்கி ஒரு மூங்கில் கழியால் கயிற்றை உயர்த்திப் பிடிப்பார், பஸ் குனிந்து போவதுபோல மெதுவாகப் போகும், கொஞ்ச நாளில் அந்த இடத்துக்கே கயித்தடி என்று டிக்கெட் கேட்கத் தொடங்கினார்கள். பெண்கள் கயிற்றில் மீன் காயப்போட்டார்கள், செலஸ்தீன் தன் போர்வைகளுக்கு இடம் ஒதுக்கிக் கோடு போட்டு வைத்தாள். கயிறு பேசுவதைக் கேட்பது பாவமா என்று சிலர் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் நன்றாக யோசித்துவிட்டு, கேட்பது பாவமில்லை, ஆனால் பூசை நேரத்தில் கேட்கக் கூடாது, கேட்டதைக் கூட்டிச் சொன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவேண்டும் என்றார். மின்வாரியத்துக்காரர் மட்டும் வந்து, இது யாருடைய இணைப்பு என்று விசாரித்தார். அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

முடிச்சு ஒரு தடவைதான் பேசும், ஒரு காதுக்குத்தான் பேசும். ஆகவே எஸ்தாக்கி காதை வைத்துக் கேட்பார், பிறகு எழுந்து நின்று வேட்டியைத் தட்டிவிட்டு ஊருக்கு எடுத்துச் சொல்வார். அவர் சொல்வது அவ்வளவும் அசல் இல்லை என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. அவருடைய தாத்தா, உப்பு ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்த பெரிய தண்டல், "கடலே, எம் பொண்டாட்டி என்னயத் தோணி ஏத்திவிட்ட பெறகுதான் நிம்மதியாத் தூங்குதா" என்று சொன்னது, ஊருக்குச் சொல்லும்போது, மனைவியின் ஜெபத்தால் தோணி பத்திரமாகப் போயிற்று என்று மாறியது. தாத்தாவின் அப்பா ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட முடிச்சுகளில், "திரும்பவும் பொட்டப் புள்ள, கடலே" என்றும், "திரும்பவும் பொட்டப் புள்ள, ஆனா சிரிக்கா" என்றும், "நீ என்ன நெனச்சிக்கிட்டிருக்க?" என்றும் சொல்லிக்கொண்டே போனார். அதை மட்டும் அவர் மாற்றவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். அதற்கும் முந்திய ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியாது, யார்ட்டயும் சொல்லிராத" என்று கெஞ்சியதை எஸ்தாக்கி யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொருவர் போகிற போக்கில், மச்சாது வீட்டுக்காரன் எங்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான், பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்குக் கறி இல்லை என்று கடலிடம் புகார் சொன்னார். எஸ்தாக்கி இதைப் பலத்த குரலில் சொன்னார். அன்று சாயங்காலமே மச்சாது வீட்டுப் பெண்கள் வந்து, எங்கள் வீட்டில் ஆடு தின்றவர் யாருமில்லை என்று சண்டை பிடித்தார்கள். ஊர்க் கமிட்டி கூடி, இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆட்டுக்கு இப்போது தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் சமாதானத்துக்காக மச்சாது வீட்டில் ஒரு நாள் ஆட்டுக்கறி வைத்து மொந்தேரா வீட்டுக்கு ஒரு தூக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தது. கறி நன்றாகவே இருந்தது.

இப்படித் தண்டல்கள் வந்தார்கள், தண்டலுக்குத் தண்டல் வந்தார்கள், தோணி உடைந்தவர்கள் வந்தார்கள், ஆனால் கப்பித்தானைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடுத்த முடிச்சில் வருவார் என்று எஸ்தாக்கி ஒவ்வொரு நாளும் சவரம் செய்துகொண்டு போய்க் காதை வைத்தார். கருங்கல் பலகையும் சாக்கில் சுற்றி வந்து சேர்ந்து, சுவரோரம் சாய்ந்து நின்றது.

கித்தேரியான் லோபோ வந்தது அப்போதுதான். கடைப் பனியனோடு, தோளில் துண்டோடு, மணலில் நடந்து வந்தார்.

"ஓய் எஸ்தாக்கி" என்றார். "கயித்த இழுக்கது ஒம்ம இஷ்டம். ஆனா நீரு இழுக்க இழுக்க எங்க அடுப்பு நகருது."

"எங்க நகருது?"

"கடலுக்குத்தான். மொதல்ல சமையக்கட்டுல இருந்துச்சு. போன வாரம் பெஞ்சுக்குப் பக்கத்துல வந்துச்சு. நேத்து நீரு இன்னொரு தண்டல இழுத்தீரு, அது ரோட்டத் தாண்டிருச்சு. எங்க வீட்டுக்காரி ரீத்தம்மா முக்காலியத் தூக்கிட்டுப் பின்னாலயே போய் டீ போடுதா. குழம்பு சிந்தல, தீயும் அணையல, அதெல்லாம் குறையில்ல. ஆனா இப்படியே போனா எங்க போய் நிக்கும்னு சொல்லும்."

ஊரே போய்ப் பார்த்தது. லோபோ வீட்டு அடுப்பு மற்ற வீட்டு அடுப்புகளைப்போலக் கட்டியது அல்ல. மரப்பெட்டிக்குள் மணல் நிரப்பி, அதன்மேல் கல் வைத்த தோணி அடுப்பு. தோணிகள் போன பிறகு பண்டாரிகள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். பெட்டிக்குக் கீழே மணலைத் தோண்டியபோது, அதன் அடிக்கட்டையைச் சுற்றி மணிக்கட்டு பருமனில் ஒரு கயிறு கட்டியிருந்தது, கடலைப் பார்த்து மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று. மொந்தேரா வாசலில் தொடங்கிய கயிறு கடலையெல்லாம் சுற்றிவிட்டு லோபோ அடுப்பில்தான் முடிந்திருந்தது. அடுப்போடு ஒட்டி ஒரே ஒரு முடிச்சு மிச்சமிருந்தது.

எஸ்தாக்கி போய்ப் பார்க்கவில்லை. ஆட்கள் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பண்டாரி எப்படியோ நம்முடைய கயிற்றின் நுனியைத் திருடிக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். "இழுங்க" என்றார்.

இழுத்தார்கள். அடுப்பு அலை நுரைக்கும் ஈரமணலுக்கு வந்து நின்றது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும், முடிச்சு மட்டும் கடலைச் சுற்றிக்கொண்டு மொந்தேரா வீட்டுப் படிக்கு வந்து சேரும். கரைவலைக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்காவிட்டால், திருவருகைக் காலத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றின் மூன்று ஓலையும் முடியாது என்று அன்று காலைதான் செலஸ்தீன் அவர் காதில் விழும்படி சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் ரீத்தம்மாள் முக்காலியில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, ஈரமணலில் குத்துக்காலிட்டு மெட்டில்டா தீயை ஊதிக்கொண்டிருந்தாள். ஜெபர்சன் அலைக்கும் அடுப்புக்கும் நடுவில் மணலைக் குவித்து அணை கட்டிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு அலையும் அதைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"மெட்டில்டா, எந்திரிச்சு வா" என்று கத்தினார் எஸ்தாக்கி.

"நீங்க இழுங்கப்பா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "நான் இங்கதான் இருக்கேன்."

எஸ்தாக்கி, இழுக்க வேண்டாம் என்று ஆட்களுக்குக் கையைக் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிறு இழுத்தவர்களைத் தாண்டி, அலையோரமாக, தன் வாழ்நாளில் அதுவரை அவர் நடந்திராத அந்தப் பக்கமாக நடந்தார். ஊர் அவருக்குப் பின்னால் நடந்தது. அடுப்பருகே போனதும் யாரையும் பாராமல் ஈரமணலில் முழங்காலிட்டு, கையை ஊன்றி, பண்டாரி வீட்டு அடுப்புக்குக் கீழே தலையை நுழைத்துக் காதை வைத்தார். பின்னாலிருந்து பார்க்க அது ஒரு கப்பித்தான் வம்சத்துக்கு ஏற்ற காட்சியாக இல்லை.

முடிச்சு பேசியது.

"கடலே, நான் பண்டாரி லோபோ பேசுதேன். நங்கூரக் கயித்தத் தொட எனக்கு உரிம இல்ல, தண்டல் பாத்தா ஏசுவாரு, அதனால அடுப்போட சேத்து முடியுதேன். இந்தப் பய ஒடைஞ்ச தோணிப் பலகையில கெடந்தான். தாயுமில்ல, தகப்பனுமில்ல. கஞ்சித் தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டு எம் மடியிலயே மோண்டுட்டான். இனி எம் பிள்ளதான். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேணும்னு சாமியாரு சொன்னாரு. வளக்கப் போற நானே நிக்கக் கூடாதாம். பறங்கிக் கப்பலுக்குப் போய்க் கப்பித்தானக் கேட்டேன், தூங்குதாருன்னாங்க. அவருக்குக் கீழ உள்ளவரக் கேட்டேன், சிரிச்சாங்க. கடைசியில என் அடுப்படியில வெங்காயம் உரிக்க பறங்கிப் பய, கப்பல்ல அடி தாங்காம ஓடி வந்தவன், மொந்தேரா, அவன்தான் கையத் தொடச்சிட்டு வந்து நின்னான். குடுக்கதுக்கு அவன்ட்டப் பேரு மட்டுந்தான் இருந்துச்சு. அதக் குடுத்துட்டான். நான் சோறு குடுத்துக்கிடுதேன். நீ இவன விட்டுரு. வேற ஒண்ணும் கேக்கல."

முடிச்சு அவிழ்ந்தது. எஸ்தாக்கி தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் சொல்லவேண்டும். அவர் ஒருவர் காதில்தான் அது விழுந்தது, அவர் என்ன சொன்னாலும் அதுதான் சரித்திரம், கப்பித்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் கருங்கல் சுவரில் ஏறிவிடும், மகள் வீட்டிலேயே இருப்பாள். பேசாமல் இருப்பாள்.

அவர் எழுந்தார். காது நிறைய மணல். ஊர் இன்னும் நெருங்கி வந்து நின்றது. மெட்டில்டா அப்போதும் தீயை ஊதிக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் ஊதியதில் காற்று இல்லை.

அவர் தயங்குவதைப் பார்த்துக் கித்தேரியான்தான் முதலில் வாயைத் திறந்தார். "கப்பித்தான்தானவே? சொல்லும், என்ன யோசன? நம்ம ஊருக்கும் அது பெருமதான." துண்டை எடுத்து எஸ்தாக்கியின் காதிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். தன் மகனுக்குப் பெண் கிடைக்காது என்று தெரிந்தும் அதைச் சொன்னார்.

எஸ்தாக்கி அவரைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குத் தன்மேல் வந்த வெட்கம் அதுவரை எதன்மேலும் வந்ததில்லை.

"கப்பித்தான் தூங்கிட்டாரு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. பலகையைச் சொன்னார், கஞ்சித் தண்ணியைச் சொன்னார், மடியில் மோண்டதைச் சொன்னார், வெங்காயம் உரித்தவனைச் சொன்னார், அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதைச் சொல்லும்போது தன் கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேகம் வந்துவிட்டதால், நீச்சல் தெரியாத தண்டலையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு மச்சாது வீட்டுக் கிழவி ஒருத்தி ஆரம்பித்தாள், அது கரை நெடுகப் பரவி, கரைவலைக்காரர்கள் கயிற்றைவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள், பஸ் நின்று கண்டக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வந்து சிரித்தார். எஸ்தாக்கியும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். வலிக்கத்தான் செய்தது. ஆனால் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

"கித்தேரியான்" என்றார். "எங்க வம்சம் ஒங்க அடுப்புச் சோத்துல வளந்தது. எனக்கு ஒரு டீ போடச் சொல்லும்."

"சர்க்கர எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள் ரீத்தம்மாள். அது அந்த ஊரில் அவளுக்குத் தெரியாத ஒரே ஒரு ஆளின் கணக்கு. மெட்டில்டாதான் பதில் சொன்னாள். அந்த ஒரு மாதத்தில் அப்பாவுக்காக அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

கயிறு அதற்குப் பிறகு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதால் சாதாரணக் கயிறாகிவிட்டது. அதை வெட்டிக் கல்யாணப் பந்தல் கால்களைக் கட்டினார்கள், மிச்சத்தைச் செலஸ்தீன் போர்வைக்கு வைத்துக்கொண்டாள். கருங்கல் பலகை வீணாகவில்லை. எழுத்தைக் கீழ்ப்பக்கம் போட்டு லோபோ கடை வாசலில் பதித்துவிட்டார்கள், கால் கழுவ வசதியாக இருந்தது. அடுப்பு மட்டும் கடைக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டது. ஆறு பேர் தூக்கியும் அசையவில்லை. ஆகவே கித்தேரியான் கடையை அடுப்பிடம் கொண்டுவந்தார். அலைகளும் அதற்கப்புறம் அந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று திரும்பிவிட்டன. மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, ஆட்சேபணை உண்டா என்று சாமியார் கேட்டபோதெல்லாம் ஊர் எஸ்தாக்கியைத் திரும்பிப் பார்த்தது, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், வழக்கம்போல ஊர் கூடிக் கறிகாய் வெட்டியது. பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் முறை. எஸ்தாக்கி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளி என்று ஊர் சொல்கிற வெங்காயத்தின் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் கத்தியை அவர் பக்கம் தள்ளிவைத்தார்கள். அவர் உரிக்கத் தொடங்கினார். சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகின, கித்தேரியான் துண்டை நனைத்துக் கண்ணில் கட்டிக்கொண்டார், எஸ்தாக்கி மட்டும் அரை மூட்டையை உரித்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெண்கள் வந்து வந்து அவர் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரீத்தம்மாள் டார்ச் அடித்தே பார்த்தாள். காய்ந்த கண்.

"மொந்தேரா ரெத்தம்" என்றார் கரைவலைக்காரர் ஒருவர்.

"ரெத்தம் ஏது? அது பலகையில கெடந்த பிள்ளல்லா" என்றார் இன்னொருவர்.

"அப்ப பேரோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றார் அவர். அது நியாயமாக இருந்ததால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மொந்தேராக்களுக்கு வெங்காயம் எரியாது என்று அன்றே ஊரில் முடிவாகிவிட்டது.

மெட்டில்டா மருதாணிக் கையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளித் தோல்களைக் காலால் ஒதுக்கினாள்.

"யப்பா, நாளைக்குக் கோயில்ல கையெழுத்துப் போடுவாங்கல்லா. நான் லோபோன்னு போடவா, மொந்தேரான்னே போடவா?"

எஸ்தாக்கி கையிலிருந்த உள்ளியை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்து, உரிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டும் ஒரே அடுப்புத்தான், மக்கா. எது எழுதுனா ஒனக்கு மனசுக்கு நெறைவா இருக்கோ, அதப் போடு. யாரு கேட்டாலும் அப்பா சொன்னாருன்னு சொல்லு."

அதைச் சொல்லும்போது அவர் கண்கள் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, தாடையிலிருந்து உள்ளி மேல் சொட்டியது. அவர் அவசரமாகப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"வெங்காயம்" என்றார்.

"ஆமாவே, ரொம்பக் காரம்" என்றார் கித்தேரியான், கண்ணில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே. மச்சாது வீட்டுப் பெண்கள் ஆமா என்றார்கள், கரைவலைக்காரர்கள் ஆமா என்றார்கள், இந்த வருஷம் வந்த உள்ளியே அப்படித்தான் என்று செலஸ்தீனும் சொன்னாள்.